பொம்மையைக் குளிப்பாட்டிய அப்பத்தா

இரண்டு பெண்கள் சேர்ந்து பிள்ளை வளர்க்கும் கதையுள்ள படங்களில் வேலை பார்த்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள், அதான் வந்தேன். மதுரைப் பக்கம் ஒத்தக்கடையில், யானைமலையைப் பார்த்த மாதிரி ஒரு ஓட்டு வீட்டில் ஒன்பது நாளில் எடுத்த சின்னப் படம் அது. தயாரிப்பாளர் யாரும் இல்லை, எட்டுப் பேரின் கைக்காசு. கதை 2060இல் நடக்கிறது: இரண்டு பெண்கள், இருவரின் கருமுட்டையிலிருந்தும் பிறந்த ஒரு குழந்தை. வசனம் சரிபார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். நானும் என் துணையும் ஒரு மகளை வளர்க்கிறோம், அதனால்தான்.

கரு விஷயம் வெறும் கற்பனை இல்லை. சில மரபணுக்களில் இது அம்மா வழி, இது அப்பா வழி என்று ஒரு முத்திரை இருக்கும், ஒரு வழி முத்திரை மட்டும் இருந்தால் கரு தேறாது. அதைச் சரிக்கட்டி 2004லேயே ஜப்பானில் இரண்டு தாய்க்கு ஒரு சுண்டெலி பிறந்துவிட்டது. 2023இல் இரண்டு தந்தைக்கும் பிறந்தன, 630 கருக்களை வைத்ததில் ஏழு குட்டிகள். மனிதருக்கு இன்னும் வெகுதூரம், சரி. ஆனால் எனக்குப் படத்தில் அதிசயமாகப் பட்டது எலி இல்லை, பிறப்புச் சான்றிதழில் ‘தாய்’ என்று இரண்டு வரி இருக்கும் அந்த ஒரு காட்சிதான். நீளம் கருதி வெட்டப் பார்த்தார்கள், நான் விடவில்லை.

ஏனென்றால் எங்கள் மகளைத் தத்தெடுத்தது என் துணை மட்டும்தான், தனிப் பெண்ணாக. சேர்ந்து எடுக்கச் சட்டத்தில் இடமில்லை, 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்திலும் எங்களைப் போன்ற இணையர் சேர்ந்து தத்தெடுக்கும் உரிமை மூன்றுக்கு இரண்டு என்று கைவிட்டுப் போய்விட்டது. போன வருடம் பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. துணை வெளியூரில். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். “நீங்க பிள்ளைக்கு என்ன வேணும்?” என்று கேட்டார்கள். சித்தி என்றேன். அம்மா வந்துதான் கையெழுத்துப் போடணும் என்றார்கள். மூன்று வயதிலிருந்து தூங்க வைத்தவள் நான், அந்தச் சொல் என் வாயிலிருந்தே வந்ததை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

அப்புறம் அப்பத்தா. வீட்டுக்காரம்மா, எழுபது தாண்டியவர். கதையைச் சொல்லித்தான் வீட்டைக் கேட்டோம், ம் என்று மட்டும் சொன்னார். மூன்றாம் நாள் குளிப்பாட்டும் காட்சி, நடிக்க வந்த பெண், குழந்தைக்குப் பதில் வைத்த பொம்மையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு நின்றாள். திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, “ரெண்டு ஆத்தா இருக்கீக, ஒருத்திக்குமா குளிப்பாட்டத் தெரியல?” என்று பொம்மையை வாங்கிக்கொண்டார். மணைப்பலகையில் உட்கார்ந்து சேலையை முழங்காலுக்கு மேலே சுருட்டி, காலை நீட்டி, இரண்டு காலுக்கும் நடுவில் பொம்மையைக் கிடத்தினார். முழங்கையை விட்டு வெந்நீரைப் பதம் பார்த்தார். தலைக்கு ஊற்றும்போது இடது கையை நெற்றியில் வைத்து, கண்ணுக்குள் தண்ணீர் போகாமல் அணை கட்டினார். பிறகு இரண்டு பேரையும் மாற்றி மாற்றி உட்கார வைத்துப் பழக்கினார். ‘ரெண்டு ஆத்தா’ என்று அவர் சொன்னதை நான் வசனத்தில் அப்படியே சேர்த்தேன்.

படத்தை முதல் தடவை அவர் வீட்டு முற்றத்திலேயே, வேட்டியைத் திரையாகக் கட்டிப் போட்டோம். எங்கள் மகள் அவர் மடியில் உட்கார்ந்து பார்த்தாள். குளிப்பாட்டும் இடம் வந்ததும் அப்பத்தா திரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: “கையை எடுக்காதடி, கண்ணுல போயிரும்.”