சம்பளத்துக்கு இன்னும் 11 நாள், மதியச் சாப்பாட்டுக்கு யோசனை வேண்டும்

மலேசியாவில், பினாங்கு ஆயர் ஈத்தாமில், அடுக்குமாடி வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். சம்பளம் வர 11 நாள் ஆகும். சமையலுக்குக் கையில் 45 வெள்ளிதான் (ரிங்கிட்). இரவுச் சாப்பாட்டைச் சமாளித்துவிடுகிறேன். மாட்டிக்கொண்டது கணவரின் மதியச் சாப்பாட்டில்தான்.

வீட்டில் இருப்பது: அரிசி 6 கிலோ, மைசூர் பருப்பு 1 கிலோ, கொண்டைக்கடலை அரை கிலோ (மாமனாருக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, அவருக்கும் கொஞ்சம் வேண்டும்), நெத்திலி 200 கிராம், சார்டின் 3 டின், மீகூன் (அரிசிச் சேமியா) 2 பாக்கெட், முட்டை 10, பாதிப் பூசணி, புளி நிறைய. கீழே முருங்கை மரம் இருக்கிறது, கீரைக்குக் கவலையில்லை.

கணவருக்குப் பாயான் லெப்பாஸில் வேலை. காலை 5 மணிக்குக் கட்டிக் கொடுத்தால் மதியம் 1 மணிக்குத்தான் திறப்பார். அங்கே சூடாக்க வசதி இல்லை. போன வாரம் சோற்றில் பருப்புக் குழம்பு ஊற்றிக் கொடுத்தேன், புளித்துப்போனது. அப்புறம் சோற்றை ஆறவைத்து, குழம்பைத் தனி டப்பாவில் வைத்தேன். அப்போதும் வாடை வந்துவிட்டது. தேங்காய்ப்பால் சேர்ப்பதையே நிறுத்திவிட்டேன், அது இன்னும் சீக்கிரம் கெடும். புளிச்சோறும் நெத்திலிச் சம்பலும் தாங்கின. ஆனால் நான்கு நாள் தொடர்ந்து கொடுத்ததில் அவருக்கு நெஞ்செரிச்சல். மீகூன் பிரட்டல் கொடுத்தால் 11 மணிக்கே பசிக்கிறதாம். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர் அரைவயிற்றோடு இருப்பதை என் மனசு ஏற்கவில்லை.

இந்தச் சாமான்களை வைத்து, புளிப்பும் காரமும் குறைவாக, 8 மணி நேரம் கெடாமல் வயிறு நிறைகிற மாதிரி என்ன சமைத்துக் கட்டலாம்?