கரடியா, மரநாயா? பன்குளம் பக்கம் ஊர்க்கோழிகளுக்கு இரவுக் காவல்

பன்குளம் வாசி:

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நான் திருகோணமலை மாவட்டம் பன்குளத்தில் இருக்கிறேன். வளவின் பின்பக்கம் பற்றைக்காடு, இடையில் ஒரு வாய்க்கால். ஊர்க்கோழி 27 நின்றன, இப்போது 20. போன கிழமை மூன்று இரவுக்குள் ஏழு போய்விட்டன. ஐந்து கூட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தன, அதில் மூன்றுக்குத் தலை இல்லை. மற்ற இரண்டையும் காணவே இல்லை, வாய்க்கால் வரைக்கும் இறகு சிந்திக் கிடந்தது. கூடு காட்டுத்தடி நட்டு, அறுகோணக் கோழிவலை அடித்து, கிடுகு வேய்ந்தது. மண்தரை. கூரையில் ஒரு மூலையில் கிடுகு விலகியிருக்கிறது.

கூட்டிலிருந்து 60 மீற்றரில் ஒரு கறையான் புற்றை ஏதோ கிண்டியிருக்கிறது. பக்கத்தில் ஐந்து விரல், நீள நகத்தோடு பெரிய காலடித் தடம். அயலவர்கள் கரடிதான் என்கிறார்கள். வலையில் கரண்ட் கொடு, சுருக்குக் கட்டு என்று ஆளுக்கொரு யோசனை. கரடியையும் மற்றதுகளையும் தாங்கும்படி கூட்டை எப்படிக் கட்டுவது? சாமான் கணக்கோடு சொன்னால் உதவி.

வளவுக்காரர்:

தம்பி, புற்றைக் கிண்டியது கரடிதான். கோழியைக் கொன்றது அதுவல்ல என்றுதான் நீங்கள் சொல்லும் தடயங்கள் காட்டுகின்றன. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் கூட்டைப் பிழையான இடத்தில் பலப்படுத்துவீர்கள்.

கிடுகை விலக்கி மேலிருந்து இறங்கி, பலதைக் கொன்று, தலையையும் கழுத்தையும் மட்டும் தின்றுவிட்டுப் போவது மரநாயின் வேலை. கீரியும் கழுத்தைத்தான் கடிக்கும். ஆனால் அது பகலில் திரியும், நிலத்தோடு வரும், கூரை ஏறி இறங்காது. இறகு சிந்தியபடி வாய்க்கால் வரைக்கும் கோழியை முழுதாகக் கொண்டுபோனது இன்னொன்று. தண்ணீர்ப் பக்கம் என்பதால் மீன்பிடிப் பூனையாக இருக்கலாம், நரியாகவும் இருக்கலாம். மரநாய் திறந்த வழியால் பின்னால் வந்த எதுவும் போகும்.

மற்றதுகளின் அடையாளம் இது. கட்டாக்காலி நாய் வலையைக் கிழித்துக் கொண்டு வந்து கண்டபாட்டுக்குக் கடித்து, தின்னாமல் போட்டுவிட்டுப் போகும். வெங்கிணாந்தி (மலைப்பாம்பு) சத்தமில்லாமல் ஒன்றை விழுங்கிவிட்டு, வயிறு பருத்ததால் வந்த ஓட்டையால் திரும்பப் போக முடியாமல் கூட்டுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். முட்டையும் குஞ்சும் பகலில் காணாமல் போனால் சாரை, உடும்பு, காகம் ஆகியவற்றைப் பாருங்கள். குஞ்சு மட்டும் முற்றத்திலிருந்து தூக்கப்பட்டால் வல்லூறு.

சந்தேகம் தீர ஒரு வழி: கூட்டைச் சுற்றி 3 அடி அகலத்துக்கு நிலத்தைக் கூட்டி, பொழுதுபட முன்னம் அரித்த மணலோ சாம்பலோ மெல்லியதாகத் தூவுங்கள். விடியக் காலமை கோழி திறக்க முன்னம் அடியைப் பார்க்க வேண்டும். பூனை இனத்துக்கு நாலு விரல், நகம் பெரும்பாலும் பதியாது. சிறுத்தை என்றால் அடி 3 அங்குலம் வரும், மீன்பிடிப் பூனைக்கு அதைவிடச் சிறிது. நரிக்கும் நாய்க்கும் நாலு விரலும் நகமும் பதியும். மரநாய்க்கு ஐந்து விரல், அடி மிகச் சிறிது. கரடியின் பின்னங்கால் அடி ஏறக்குறைய மனிதர் அடி போலவே இருக்கும், முன்னங்காலில் நகக் குறி விரலை விட்டுத் தள்ளி விழும்.

இணையத்தில் கரடிக்கு எதிராகக் கோழி காக்கும் குறிப்புகள் பெரும்பாலும் வட அமெரிக்காவின் கறுப்புக் கரடியையும் பழுப்புக் கரடியையும் வைத்து எழுதப்பட்டவை. அவை குளிர்காலத் தூக்கத்துக்கு முன் கொழுப்புச் சேர்க்க அலைந்து கூட்டை உடைக்கும். எங்கள் கரடி வேறு இனம். கறையான், எறும்பு, தேன், பாலைப்பழம், வீரைப்பழம் இவைதான் அதன் சாப்பாடு. மேல்தாடையில் நடு இரண்டு வெட்டுப்பல் கிடையாது, அந்த இடைவெளியால் கறையானை உறிஞ்சி எடுக்கும். அது கூட்டுப் பக்கம் வந்தால் பெரும்பாலும் தவிடு, புண்ணாக்கு, தேன்பெட்டி, பலாப்பழத் தோல் இவற்றின் மணத்துக்குத்தான் வரும். அதனால் கரடிக்கான முதல் வேலை தீனியை ஒளிப்பது: வளையம் இறுக்கும் மூடியுள்ள இரும்பு பீப்பா, அதுவும் சுவர் வைத்த அறைக்குள். அந்தியில் தீனித்தட்டைக் கழுவி உள்ளே வையுங்கள். செத்த கோழியையும் குடலையும் வேலிக்குப் பின்னால் எறிய வேண்டாம், 3 அடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுத் தாட்டுவிடுங்கள். இன்னொன்று: தவிடும் உப்பும் இருந்தால் யானை வரும். யானைக்கு எந்தக் கூடும் பொருட்டில்லை.

தச்சுவேலை:

மேலே அண்ணர் சொன்னது சரி. நான் கட்டுற கணக்கைச் சொல்லுறன்.

அறுகோணக் கோழிவலை கோழியை உள்ளுக்கு வைக்கத்தான், வெளியில இருந்து வாறதைத் தடுக்க இல்லை. நாய் பல்லாலயே கிழிக்கும். வாங்க வேண்டியது ஒட்டு வைச்ச அரை அங்குலச் சதுர வலை, நாகம் (துத்தநாகம்) பூசினது, 16 இல்லாட்டி 19 கேஜ். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெல்லிசாகும், கடையில ஏமாற வேண்டாம். அரை அங்குலம் எண்டால் கீரி, மரநாய், பெரிய எலி, வளர்ந்த பாம்பு ஒண்டும் நுழையாது.

20 கோழிக்கு இரவுக்கூடு 8 அடிக்கு 5 அடி போதும், ஒரு கோழிக்கு 2 சதுர அடி. கீழே 2 அடிக்குக் கல் அரிஞ்சு கட்டுங்கோ, 4 அங்குலக் கல்லே காணும். அதுக்கு மேல 4 அடி வலை. வெக்கைக்குக் காத்து வேணும், அதால சுவரை முழுக்க மூடக்கூடாது. சுத்தளவு 26 அடி, கூரைக்குக் கீழே உள்மூடிக்கு 8 அடித் துண்டு ரெண்டு. ஆக 4 அடி அகல வலையில 42 அடி, வெட்டுக்கழிவோட 45 வாங்குங்கோ. அந்த உள்மூடிதான் உங்கட கூட்டில இல்லாதது. கிடுகோ தகரமோ மேல என்னதான் இருந்தாலும் அதுக்குக் கீழே வலை படுக்கையா அடிச்சிருக்க வேணும். தகரத்தின்ர வளைவுக்கும் மரத்துக்கும் இடையில இருக்கிற ஓட்டையே மரநாய்க்குத் தாராளம். தகரம் போட்டால் மேல கிடுகு பரப்பி விடுங்கோ, சூடு குறையும்.

வலையைச் சட்டத்தின்ர வெளிப்பக்கம் அடிக்க வேணும். உள்பக்கம் அடிச்சால் வெளியில இருந்து தள்ளும்போது ஆணி கழண்டு வரும், வெளியில அடிச்சால் தள்ளத் தள்ள மரத்தோட இறுகும். ஆனால் நகத்தால இழுக்கிறதும் இருக்கு. அதுக்கு வளைஞ்ச ஆணியை நம்பாதேங்கோ. 6 அங்குலத்துக்கு ஒரு திருகாணி, வாசர் போட்டு, மேல ஒரு அங்குல றீப்பை வைச்சு இறுக்குங்கோ. கரடி பலத்துக்கும் வேணும் எண்டால் கீழ் 4 அடிக்கு வெளியில இன்னொரு வலை, 2 அங்குலக் கண், 10 கேஜ். தடிக்கம்பி பலத்துக்கு, அரை அங்குலம் நுழைவுக்கு. ரெண்டு வேலையையும் ஒரே வலை செய்யாது.

தோண்டி வாறதுக்கு: அஸ்திவாரத்தைக் கிண்டி ஆழமாப் புதைக்கிறதை விட, 2 அடி அகல வலையைச் சுவரடியில இருந்து வெளிப்பக்கமா நிலத்தில படுக்கப் போடுறது திறம். நரியும் கீரியும் சுவரடியிலதான் தோண்டத் தொடங்கும், பின்னுக்குப் போய்த் தோண்ட வேணும் எண்ட யோசனை அதுக்கு வராது. மூலைகளையும் சேர்த்து 34 அடி வேணும். 8 மில்லிமீற்றர்க் கம்பியைக் கொக்கி மாதிரி வளைச்சு 2 அடிக்கு ஒண்டு அலவாங்கால இறக்கி, மேல கல்லுப் பரப்புங்கோ. மூலையில இடைவெளி விட்டால் அங்கதான் தோண்டும்.

கதவு வெளிப்பக்கம் திறக்க வேணும், உள்ளே ஒரு தடுப்புச் சட்டம். மேல ஒரு கொண்டி, கீழ ஒரு கொண்டி, ரெண்டிலயும் பூட்டு. சும்மா நாதாங்கி மட்டும் எண்டால் தட்டத் தட்ட எழும்பிவிடும். கதவடியில அரை அங்குலத்துக்கு மேல இடைவெளி வேண்டாம், சீமெந்துப் படி வையுங்கோ. முட்டைப்பெட்டியின்ர வெளிமூடி கன பேர் மறக்கிற இடம். அதுக்கும் பூட்டு.

குந்துதடி 2 அங்குல அகலம், ஒரு கோழிக்கு 8 அங்குலம். 7 அடியில ரெண்டு, ரெண்டும் ஒரே உயரத்தில, இல்லாட்டி மேல்தடிக்குச் சண்டை. நீளப்பக்க வலையில இருந்து 15 அங்குலம் தள்ளி வையுங்கோ. வலையோட ஒட்டிக் குந்தினால் இரவில கோழி விறைச்சு நிக்கும்போது வெளியில நிண்டே காலையோ தலையையோ இழுத்திடும். கூடு உடையேல்லை, கோழிக்குக் கால் இல்லை எண்டு சொல்லுற முறைப்பாடு இதாலதான்.

நிலாவெளி, குச்சவெளி மாதிரிக் கடல் பக்கம் இருக்கிறவை பிளாஸ்ரிக் பூசின வலை வாங்கினால் நல்லது. உப்புக்காத்தில முதல்ல துருப்பிடிக்கிறது வெட்டின நுனியும் திருகாணி இறுக்கின இடமும். ஐப்பசி மழைக்கு முன்னம் ஒவ்வொரு இடமா விரலால இழுத்துப் பாருங்கோ, நொறுங்கினால் மாத்துங்கோ.

வேலிக்காரன்:

கரண்ட் பற்றி நான் சொல்கிறேன். வீட்டு 230 வோல்ற்றை வலைக்கோ கம்பிக்கோ கொடுக்கக் கூடாது. பன்றிக்கு என்று இழுத்த கம்பியில் மனிதர் இறந்த செய்தி இலங்கையில் அடிக்கடி வருகிறது. உங்கள் பிள்ளையும் அயலவர் மாடும் அதே நிலத்தில்தான் நடக்கிறார்கள். சுருக்கும் வேண்டாம். 2020 மே மாதம் மலையகத்து நல்லதண்ணியில் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை இறந்தது. கரடியும் சிறுத்தையும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் காக்கப்பட்டவை. சுருக்கு எது மாட்டும் என்று தெரிந்து மாட்டாது.

சரியான வழி யானைவேலியில் உள்ளது போல் மின்துடிப்புக் கருவி. அது செக்கனுக்கு ஏறக்குறைய ஒரு முறை மிகக் குறுகிய துடிப்பை அனுப்பும். பட்டால் வலி கடுமை, ஆனால் கம்பி பிடித்து வைத்திருக்காது. கரடிக்கு 0.7 ஜூலுக்குக் குறையாத கருவி வேண்டும். மயிர் அடர்த்தி, அதனால் கம்பியில் எப்போதும் 5000 வோல்ற்றுக்கு மேல் நிற்க வேண்டும்.

கூட்டையும் தீனி அறையையும் சேர்த்து 20 மீற்றருக்கு 15 மீற்றர் சுற்றினால் 70 மீற்றர். 3 மீற்றருக்கு ஒரு கட்டை, 24 கட்டை. ஐந்து கம்பி, நிலத்திலிருந்து 6, 14, 22, 32, 42 அங்குலத்தில். கம்பி 350 மீற்றர், கட்டுக்கு 25 கூட வாங்குங்கள். கூட்டுச் சுவரிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளிப் போட வேண்டும், மரக்கிளை மேலே தொங்கக் கூடாது.

இங்கே வேலி தோற்கும் இடம் நிலத்தொடர்பு. வைகாசி முதல் புரட்டாதி வரை கச்சான் காற்று அடித்து மண் காய்ந்து கிடக்கும்போது, விலங்கு கம்பியைத் தொட்டாலும் மின் காய்ந்த மண்ணால் திரும்பிப் போகாது, மின்னடி பலமாக விழாது. அதற்கு 1, 3, 5ஆம் கம்பிகளை மின்கம்பியாகவும் 2, 4ஐ நிலத்தில் இறக்கும் கம்பிகளோடு இணைத்து நிலக்கம்பியாகவும் கட்டுங்கள். மூக்கையோ காலையோ இடையில் நுழைத்தால் இரண்டையும் தொடும். நிலத்தடிக்கு நாகம் பூசிய 6 அடிக் கம்பி மூன்று, 10 அடி இடைவிட்டு, வாய்க்கால் பக்கம் ஈரமான இடத்தில் இறக்குங்கள். வீட்டு மின் நிலக்கம்பியிலிருந்து 10 மீற்றராவது தள்ளி.

சோதனை இப்படி: கருவியிலிருந்து தூரத்தில் மின்கம்பியில் இரும்புக் கம்பிகளைச் சாய்த்து வேலியின் வோல்ற்றை 2000க்குக் கீழே இறக்குங்கள். பிறகு நிலத்தடிக் கம்பியை அளந்தால் 300க்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் இன்னொரு கம்பி இறக்க வேண்டும்.

12 வோல்ற் பற்றரி, 20 வாற் சூரியத் தகடு போதும். மாரியில் வெயில் இல்லாத நாட்களில் பற்றரியைக் கிழமைக்கு ஒருமுறை பாருங்கள். அதே காலத்தில் புல் வளர்ந்து கீழ்க்கம்பியில் முட்டி மின்னை உறிஞ்சும், ஒரு அடி அகலத்துக்கு வெட்டியபடி இருக்க வேண்டும். முள்ளுக்கம்பியில் மின் கொடுக்கவே வேண்டாம். எச்சரிக்கைப் பலகை நாலு பக்கமும். கதவைப் பூட்டியதும் கருவியைப் போட மறந்தால் வேலி வெறும் கம்பி.

பன்குளம் வாசி:

நன்றி. வலை வாங்கிக் கட்டி முடிய பத்து நாளாவது ஆகும். அதுவரை? ஒரு நாயைக் கூட்டடியில் கட்டலாமா?

வளவுக்காரர்:

நாயைக் கட்ட வேண்டாம். சிறுத்தைக்கு நாய் இரை, கட்டிய நாயால் ஓடவும் முடியாது.

இருபதையும் இன்றைக்கே வீட்டோடு சேர்ந்த குசினிக்கோ சாமான் அறைக்கோ மாற்றுங்கள். மைமலில் கோழி தானாக அடையும், அந்த நேரம் தடியிலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கி மாற்றினால் கலையாது. நிலத்தில் மரத்தூளோ காய்ந்த மணலோ பரப்பி, யன்னலுக்கு மட்டும் அரை அங்குல வலையில் ஒரு துண்டு வெட்டி அடியுங்கள். மரநாய் தின்ற இடத்துக்கு மறுபடியும் வரும், பழைய கூட்டில் ஒரு கோழியைக் கூட விட வேண்டாம். காலமை வெயில் ஏறிய பிறகே திறவுங்கள். அந்தியில் மாதத்தைப் பொறுத்து ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் இடையில் சூரியன் விழும், அதற்கு அரை மணி முன்னமே அடைத்துவிடுங்கள்.

இரவில் சத்தம் கேட்டால் ரோச்சை மட்டும் கையில் பிடித்துக் கொண்டு பின்வளவுக்கு ஓட வேண்டாம். எங்கள் கரடி கோழிக்கு வராவிட்டாலும், கிட்ட வைத்துத் திடுக்கிட்டால் முகத்துக்குத்தான் பாயும். வாசலில் நின்று தகரத்தைத் தட்டிச் சத்தம் போடுங்கள், அது போக வழி விட்டு நில்லுங்கள். கிண்டிய புற்றடிக்குப் பிள்ளைகள் அதிகாலையிலும் அந்தியிலும் போகக் கூடாது. புதிய அடி தொடர்ந்து விழுந்தால் அடிக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வைத்துப் படம் எடுத்து, வனசீவராசிகள் அலுவலகத்தில் காட்டுங்கள்.

தச்சுவேலை:

தம்பி, பழைய கூட்டைப் பிடுங்க முன்னம் அந்த விலகின கிடுகு மூலைக்கு மேல பாருங்கோ. மாங்கிளையோ முருங்கையோ 6 அடிக்குள்ள தொங்கினால் அதுதான் பாதை. புதுக்கூட்டுக்கு இடம் பார்க்கும்போது எல்லாப் பக்கமும் கிளை 6 அடி தள்ளி இருக்கிற மாதிரி வெட்டிப்போட்டு, பிறகு நூல் பிடியுங்கோ.