பி0171 வந்ததும் ஆக்ஸிஜன் சென்சாரையே குற்றம் சொல்லாதீர்கள்

பி0171 என்றால் எஞ்சின் லீன், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்று ஈசியூ (எஞ்சின் கணினி) காட்டும் கோளாறு எண். எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் இரண்டு முறை மாறியும் ஐடிலிங் 650க்கும் 900 ஆர்பிஎம்முக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருந்த கார். உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டர் உள்ள எஞ்சின். ட்ரிம் என்பது ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்; ஷார்ட் (உடனடி), லாங் (நீண்டகால) ட்ரிம் இரண்டையும் கூட்டினால் ஐடிலில் +22. 2500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்ததும் +4. மீட்டரைத் தாண்டி எங்கோ காற்றை இழுக்கிறது என்பதற்கு அந்த இறக்கமே போதும். த்ராட்டில் மூடியிருக்கையில் உள்ளே போவதே கொஞ்சம் காற்று, அதில் ஓட்டைக்காற்றின் பங்கு பெரிது. ஆர்பிஎம் ஏறினால் அது ஒரு பொருட்டே இல்லை. ஓட்டையைத் தேட இன்டேக்கில் புகை விட்டதும், எஞ்சின் உள் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸ் வளைகிற இடத்தில், அடிப்பக்கமாக, நூல் மாதிரி வெளியே வந்தது. மேலிருந்து பார்க்க ஹோஸ் புதுசு. விரலால் அழுத்தினால் வெடிப்பு வாய் பிளக்கிறது. இரண்டு நல்ல சென்சார் குப்பைக்குப் போனதுதான் வயிற்றெரிச்சல்.

*

சென்சாரும் பொய் சொல்லும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கீறல் இருந்தால். சென்சார் வோல்டேஜ் 0.1லேயே (லீன் என்று அர்த்தம்) படுத்துக் கிடக்கிறது, ட்ரிம் +25, பிளக்கைக் கழற்றினால் நான்கும் கரி! கரி பெட்ரோல் அதிகமானதன் அடையாளம்; லீன் ஓடுகிற எஞ்சினில் அது எப்படி வரும்? குளிர்ந்த எஞ்சினில் மட்டும் டிக் டிக் சத்தம், சூடானதும் அமுங்கிவிடும். எக்ஸாஸ்ட் துடிப்புகளுக்கு நடுவே அந்தக் கீறல் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. சென்சார் அதைப் பார்த்து லீன் என்கிறது, ஈசியூ பெட்ரோலைக் கொட்டுகிறது. ஒரு சிலிண்டர் மிஸ் ஆனாலும் எரியாத ஆக்ஸிஜன் வந்து இதே வேலையைச் செய்யும்.

*

முதலில் எழுதியவர் சொன்ன ட்ரிம் கணக்கு ஏர்ஃப்ளோ மீட்டர் இல்லாமல், இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள வண்டிக்குப் பொருந்தாது. பிரேக் பூஸ்டருக்குப் போகும் வாக்குவம் ஹோஸ் கிழிந்த ஒரு காரில் ஐடில் 1300, ட்ரிம் வெறும் +3. இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறியதைப் பார்த்து ஈசியூவே பெட்ரோலைக் கூட்டிவிட்டது.

யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். சென்சாரை மாற்றும் முன் சோதித்துவிடுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும். சாதாரண சென்சாரில் உள்ள ஜிர்கோனியா சுமார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் வேலை செய்யும். ஏர் ஃபில்டர் பக்கம் கொஞ்சம் புரொப்பேன் விட்டால் வோல்டேஜ் 0.8க்கு மேல் சட்டென ஏற வேண்டும். ஏர்ஃப்ளோ மீட்டர் வண்டியில் ஒரு வாக்குவம் ஹோஸைக் கழற்றினால் 0.2க்குக் கீழே விழ வேண்டும். இரண்டும் உடனே நடந்தால் சென்சாரைத் தொடாதீர்கள். தயங்கித் தயங்கி ஏறினால் மாற்றுங்கள். வைட்பேண்டுக்கு (காற்று-பெட்ரோல் விகிதத்தையே அளக்கும் வேறு வகை சென்சார்) இந்த வோல்ட் கணக்கு செல்லாது. புதுசு போடும்போது ஆன்டி-சீஸ் மரையில் மட்டும், நுனியில் படவே கூடாது. பக்கத்தில் சிலிகான் சீலன்ட் பூசியிருந்தால் அதன் ஆவியே நுனியை வெள்ளையாக மூடிக் கொன்றுவிடும்.

*

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு (எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தப்படுத்தும் பெட்டி) அடுத்து இருக்கும் பின் சென்சார் 0.7 வோல்ட்டில் அசையாமல் நிற்கிறது என்று அதைக் கழற்றி வைத்திருந்தார்கள் ஒரு வண்டியில். கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் அது அப்படித்தான் நிற்கும்.