ரிப்பேருக்கு வந்த லேப்டாப்பில் குற்றம் கண்ணில் பட்டால் கடைக்காரர் என்ன செய்யணும்?

பிறை_டெக்:

வணக்கம். மலேசியாவுல, பினாங்குல லேப்டாப், போன் ரிப்பேர் கடை. பெஞ்சில் மூணு பேர் உட்கார்றாங்க. வேலை ஏற்கும் பாரத்தைப் புதுசா எழுதிக்கிட்டு இருக்கோம், அதோட பையன்களுக்கு ஒரு பக்கத்துல விதிமுறையும் வேணும்.

சிக்கல் இதுதான். டிஸ்க் மாத்தும்போது, டேட்டா எடுக்கும்போது, கஸ்டமர் ஃபைல்கள் கண்ணில் படும். அதுல சின்னப் பிள்ளைங்க சம்பந்தப்பட்ட மோசமான படம் இருந்தா கண்டிப்பா ரிப்போர்ட் பண்ணணுமா, இல்ல நம்ம விருப்பமா? பண்ணினா கஸ்டமர் தனிநபர் தரவுச் சட்டத்தைக் காட்டி நம்ம மேல கேஸ் போட முடியுமா? வேற குற்றம் மாதிரி தெரியுறதுக்கு என்ன கணக்கு? "பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுடு"ன்னு சிலர், "வர்ற டிஸ்க்கையெல்லாம் சோதிச்சுப் பிடிச்சுக் கொடு"ன்னு சிலர். ரெண்டுமே எனக்குச் சரியாப் படல. சட்டமும் பெஞ்ச் வேலையும் தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க.

சட்டப்புள்ளி:

முதலில் சட்டம். அமெரிக்காவில் தென் கரோலினா, வட கரோலினா போன்ற மாநிலங்கள் "கணினி டெக்னீஷியன்" என்று தொழிலைப் பெயர் சொல்லியே ரிப்போர்ட் கடமையை வைத்திருக்கின்றன. இங்கே வேறு வழி. 2001ஆம் ஆண்டு சிறார் சட்டம் டாக்டர், குடும்பத்தார், பிள்ளை பராமரிப்பாளர் என்று ஆட்களைக் குறிப்பிட்டுக் கடமை வைக்கிறது. 2017ஆம் ஆண்டு சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம், அதாவது சட்டம் 792, "எவராயினும்" என்று சொல்லிவிடுகிறது. அதன் 19ஆவது பிரிவின்படி, இந்தச் சட்டத்திலுள்ள ஒரு குற்றம் நடந்தது தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். சட்டம் வந்தபோது அதற்கு வைத்த அபராதம் 5,000 ரிங்கிட் வரை. ஆக உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: விருப்பமல்ல, கடமை. பெஞ்சில் உட்கார்ந்த பையனுக்கும் அது தனிப்பட்ட கடமைதான். முதலாளியிடம் சொன்னதோடு அவன் பொறுப்பு தீராது.

அதே சட்டத்தின் 10ஆவது பிரிவு அந்தப் படங்களை வைத்திருப்பதையும் திறந்து அணுகுவதையும் குற்றமாக்குகிறது, சிறை 5 ஆண்டு வரை. அனுப்புவதும் பரப்புவதும் 8ஆவது பிரிவு, சிறை 10 ஆண்டு வரை, பிரம்படியும் உண்டு. "ஆதாரத்துக்காக" பென்டிரைவில் ஒரு காப்பி, "இது என்னன்னு பாருங்க" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் என்று போனால், நல்ல எண்ணத்தோடு செய்தவரே இந்தப் பிரிவுகளுக்குள் விழுந்துவிடுவார்.

தரவுச் சட்டம் பற்றிய பயம் வேண்டாம். 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆவது பிரிவு, குற்றத்தைத் தடுக்க, கண்டுபிடிக்க, விசாரிக்கத் தேவையான அளவுக்குத் தரவை வெளியிட இடம் கொடுக்கிறது. "தேவையான அளவு" என்பதைக் கவனியுங்கள். போலீஸுக்குச் சொல்லலாம், பக்கத்துக் கடைக்குச் சொல்லக் கூடாது.

நான் அதிகம் கவலைப்படுவது மறுபக்கத்தைப் பற்றி. 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆவது பிரிவு அனுமதியில்லாமல் நுழைவதைத் தண்டிக்கிறது, 50,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 5 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். கீபோர்ட் மாற்றக் கொடுத்த லேப்டாப்பில் ஆல்பத்தைத் திறக்க அனுமதி கிடையாது. பாஸ்வேர்ட் கையில் இருப்பதும் அனுமதியாகாது. 2008இல் ஹாங்காங் நடிகர் எடிசன் சென்னின் அந்தரங்கப் படங்கள் வெளியானதே, அவை ரிப்பேருக்குக் கொடுத்த கணினியிலிருந்து போனவைதான். டெக்னீஷியன் மறுவருடம் சிறைக்குப் போனார்.

"எல்லா டிஸ்க்கையும் சோதி" என்கிறவர்கள் அமெரிக்காவில் பெஸ்ட் பை கடைகளின் ரிப்பேர் பிரிவான கீக் ஸ்குவாட் விவகாரத்தைப் படித்துப் பார்க்கலாம். அந்த ரிப்பேர் பிரிவின் சில டெக்னீஷியன்களுக்கு எஃப்பிஐ 500 டாலர் கொடுத்த விவரம் வெளியே வந்தது. கடைக்காரர் தற்செயலாகப் பார்த்தாரா, போலீஸின் கையாகத் தேடினாரா என்று நீதிமன்றத்தில் பெரிய வாதம். கலிபோர்னியாவில் நடந்த அந்த வழக்கில், வாரண்ட் கேட்ட அதிகாரியின் பிரமாணம் தவறாக வழிநடத்தியது என்று 2017இல் நீதிபதி ஆதாரத்தைத் தள்ளினார், வழக்கும் கைவிடப்பட்டது. தேடிப் போகிற கடை, குற்றவாளி தப்ப ஒரு வாசலைத் திறந்து வைக்கிறது.

லோயாட்_பெஞ்ச்:

சட்டம் அவர் சொன்னது சரி. நான் பெஞ்ச் பக்கம் சொல்றேன் தம்பி. பாதிப் பிரச்சினை ஃபைலைப் பார்க்கவே தேவையில்லாத வேலையில பார்க்கிறதால வருது.

கனடாவுல குவெல்ஃப் பல்கலைக்கழகக்காரங்க 2022இல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. யார் எதைத் திறக்கிறாங்கன்னு பதிஞ்சு வைக்கிற மென்பொருள் போட்ட லேப்டாப்பைப் பல ரிப்பேர் கடைகள்ல கொடுத்தாங்க. ஆறு கடையில தனிப்பட்ட ஃபைலைத் திறந்து பார்த்திருக்காங்க, ரெண்டு கடையில காப்பியும் எடுத்திருக்காங்க. வெறும் பேட்டரி மாத்தக் கேட்டப்பவே கிட்டத்தட்ட எல்லாக் கடையும் பாஸ்வேர்ட் கேட்டுச்சு. பேட்டரிக்கு எதுக்குப் பாஸ்வேர்ட்?

ஸ்கிரீன், ஹிஞ்ச், கீபோர்ட், பேட்டரி, ஃபேன் வேலைன்னா: டேட்டா இருக்கிற எஸ்எஸ்டி டிஸ்க்கைக் கழட்டி, வேலை நம்பர் ஒட்டின ஆன்டிஸ்டேட்டிக் பையில் போட்டு, கஸ்டமர் கண் முன்னாலேயே அவர்கிட்டே கொடுத்துடுங்க. சோதனையை லினக்ஸ் லைவ் பென்டிரைவ்ல பண்ணலாம். டெல்லுக்கு எஃப்12, எச்பிக்கு எஃப்2 அழுத்தினா உள்ளேயே சோதனை இருக்கு. புது மேக்புக்ல ஸ்டோரேஜ் மதர்போர்டோட ஒட்டியிருக்கும், கழட்ட முடியாது. ஆப்பிள் சிப் மாடல்னா பவர் பட்டனைப் பிடிச்சு ஸ்டார்ட்அப் ஆப்ஷன் வந்ததும் கமாண்ட்-டி, பாஸ்வேர்ட் இல்லாமலே சோதனை ஓடும். போன்னா, தனிப்பட்ட டேட்டாவை மறைக்கிறதுக்கு சாம்சங்ல மெயின்டெனன்ஸ் மோட், பிக்சல்ல ரிப்பேர் மோட் இருக்கு. கவுண்டர்லயே கஸ்டமரை அதை ஆன் பண்ணச் சொல்லுங்க. போன் சாகுறதுக்கு முன்னாடி கொண்டு வந்தாத்தான் இது உதவும், ஸ்கிரீன் கறுத்துப் போனா ஒண்ணும் பண்ண முடியாது.

மதர்போர்டு மாத்தினா, டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் 48 இலக்க ரிகவரி கீ கேட்கும். அதையும் நீங்க வாங்கி வைக்காதீங்க, எடுக்க வரும்போது கஸ்டமரே போடட்டும்.

பாரத்துல ரெண்டு வரி போதும். ஒண்ணு, எந்த வேலைக்கு எதைத் திறப்போம்னு. இன்னொண்ணு, வேலை செய்யும்போது சிறார் பாலியல் கொடுமைப் பொருள் கண்ணில் பட்டா சட்டப்படி போலீஸுக்குத் தெரிவிப்போம்னு. மலாய், தமிழ் ரெண்டுலயும் போட்டுக் கையெழுத்து வாங்குங்க. "உங்க டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்லை"னு ஒரு வரி பல கடையில இருக்கு. அதை நம்பாதீங்க, 2024 திருத்தத்துக்கு அப்புறம் தரவுச் சட்ட மீறலுக்கு அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை போகும்.

டேட்டாமீட்பு_செந்தூல்:

அண்ணன் சொன்னது ஹார்ட்வேர் வேலைக்குப் பொருந்தும். டேட்டா ரிகவரியில் டிஸ்க்கைக் கழட்டிக் கொடுத்துவிட முடியாது, அந்தப் பகுதியை நான் சேர்க்கிறேன்.

பழுதான டிஸ்க்கை விண்டோஸில் மவுண்ட் பண்ணாமல், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை வைத்துச் செக்டர் செக்டராகக் குளோன், அதாவது அப்படியே முழு நகல், எடுங்கள். இதில் ஒரு ஃபைல் பெயர்கூடக் கண்ணில் படாது. குளோனிலிருந்து ஃபைல்களை எடுக்கும் முன் எக்ஸ்புளோரரில் தம்ப்நெயில் என்ற குட்டிப் படங்களை நிறுத்தி ஐகான் மட்டும் காட்டும்படி வையுங்கள், ஆல்ட்-பி அழுத்தி பிரிவியூ பக்கத்தை மூடுங்கள். ரிகவரி மென்பொருளிலும் முன்னோட்டத்தை அணைக்க வேண்டும், இதைத்தான் பலர் மறக்கிறார்கள். நகலெடுக்க விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி போதும், லாகில் ஃபைல் பெயர் வராதபடி சுவிட்ச் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: அது இயல்பாகப் படிக்க முடியாத ஃபைலை 10 லட்சம் தடவை, 30 வினாடிக்கு ஒருமுறை முயலும். இரண்டையும் 1 என்று குறையுங்கள், இல்லாவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

சரியாக வந்ததா என்று பார்க்கப் படங்களைத் திறக்கிற பழக்கம்தான் மோசமானது. ஃபைல் எண்ணிக்கை, மொத்த அளவு இரண்டையும் ஒப்பிடுங்கள். திறந்துதான் பார்க்க வேண்டும் என்றால் கவுண்டரில் கஸ்டமரே திறந்து பார்க்கட்டும். தன் போனைக் கொடுக்கிற ஒரு பெண்ணுக்கு இந்த ஒரு விதி எவ்வளவு நிம்மதி என்பதை ஆண்கள் நடத்தும் கடைகள் புரிந்துகொள்ள வேண்டும்.

இனி, இவ்வளவுக்குப் பிறகும் கண்ணில் பட்டுவிட்டால். அந்த நிமிடமே கையை எடுங்கள். "உறுதிப்படுத்த" அடுத்த ஃபோல்டரைத் திறக்காதீர்கள், உறுதிப்படுத்துவது போலீஸ் வேலை. போனில் ஸ்கிரீனைப் படம் பிடிக்காதீர்கள், அதுவும் ஒரு நகல்தான். தாளில் எழுதுங்கள்: மணி, வேலை நம்பர், டிஸ்க் சீரியல், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, ஃபோல்டர் பெயர், கூட இருந்தவர்.

மெஷின் அணைந்திருந்தால் அப்படியே இருக்கட்டும். ஓடிக்கொண்டிருந்தால் வைஃபையைத் துண்டியுங்கள், லேன் கேபிளைப் பிடுங்குங்கள், ஆனால் சட்டென்று அணைக்காதீர்கள். பிட்லாக்கர் இருந்தால் அணைத்ததும் பூட்டிக்கொள்ளும், திறக்கும் கீ சந்தேக நபரிடமே இருக்கலாம். நிலையத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு அணையுங்கள். லேப்டாப்பிலிருந்து கழட்டி, வெளியே டாக் கருவியில் தனியாக மாட்டிய எஸ்எஸ்டி என்றால் கதை வேறு, உடனே கழட்டுங்கள். மின்சாரம் இருக்கும்வரை டிரிம் வேலை செய்து, அழித்த ஃபைல்களின் தடயத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கும். பையில் போட்டு, ஒட்டி, ஒட்டின மேலேயே இருவர் கையெழுத்திட்டு அலமாரியில் பூட்டுங்கள்.

உங்கள் கடையின் குளோன் டிஸ்க், நாஸ் என்ற நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியில் இருக்கும் தற்காலிக பேக்கப், இரண்டிலும் அதே படம் இருக்கும். பயத்தில் அழித்தால் ஆதாரத்தை அழித்த குற்றம், வைத்துக்கொண்டால் வைத்திருந்த குற்றம். ரிப்போர்ட்டிலேயே "இத்தனை நகல் இன்னின்ன இடத்தில் உள்ளது" என்று எழுதி, மெஷினோடு சேர்த்து ஒப்படைப்பதுதான் வழி. ஒரு வேலைக்கு ஒரு டிஸ்க் என்று பிரித்து வைத்திருந்தால், மற்ற கஸ்டமர்களின் டேட்டாவும் சேர்ந்து பறிபோகாது.

பிறை_டெக்:

அக்கா, ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். பிள்ளையை எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டுற படம் எல்லா வீட்டு போன்லயும் இருக்கும். அதுக்கும் போகணுமா? இன்னொண்ணு, ரிப்போர்ட் கொடுத்த பிறகு கஸ்டமர் மெஷினைக் கேட்டு வந்து நின்னா?

சட்டப்புள்ளி:

குளியல் படத்துக்குப் போக வேண்டாம். சட்டம் பேசுவது வெளிப்படையான பாலியல் செயலில் காட்டப்படும் சிறாரைப் பற்றி. குடும்ப ஆல்பம் அதில் சேராது. அதைப் பார்த்ததாக வெளியே பேசினாலே நம்பிக்கைத் துரோகம். பெரியவர்கள் விரும்பி எடுத்துக்கொண்ட படம், திருட்டு மென்பொருள், யாரோ ஒருவரின் கணக்குத் தாள், இவற்றையும் விட்டுவிடுங்கள். குற்றம் தெரிந்தவர் தகவல் சொல்ல வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு பொதுவாகச் சொல்கிறது, ஆனால் அதற்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எக்செல் தாளில் பெரிய தொகை இருப்பதைப் பார்த்து ஊகிப்பது தெரிதல் ஆகாது. ஒருவரைக் கொல்லப் போவதாகத் திட்டம் திரையிலேயே திறந்து கிடந்தால் அது வேறு.

இரண்டாவது: கஸ்டமரிடம் வாதாட வேண்டாம், மிரட்ட வேண்டாம், பிடித்து வைக்கவும் வேண்டாம். "வேலை இன்னும் முடியவில்லை" என்பது உண்மையும்கூட. அன்றே ரிப்போர்ட் கொடுத்தால் இந்த நிலைமை அநேகமாக வராது. மெஷினைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குப் போகாதீர்கள். முதலில் ரிப்போர்ட், பிறகு அவர்கள் கடைக்கு வந்து எடுக்கட்டும். எடுத்த ஒவ்வொரு பொருளுக்கும் சீரியல் எண்ணோடு பட்டியல் கேட்டு வாங்குங்கள். விசாரணை அதிகாரியின் பெயரையும் ரிப்போர்ட் எண்ணையும் வேலைத் தாளில் எழுதுங்கள்.

லோயாட்_பெஞ்ச்:

ரிப்போர்ட் எந்த பாலாய்லயும், அதாவது போலீஸ் நிலையத்துலயும், கொடுக்கலாம். மைகாட் அடையாள அட்டை, வேலைத் தாள் ரெண்டும் கையில இருக்கட்டும். மலாய்ல எழுதுவாங்க, அதனால முன்னாடியே பத்து வரி எழுதி எடுத்துட்டுப் போங்க. "கெட்டவன்", "எனக்கு முதல்லயே சந்தேகம்" இதெல்லாம் வேண்டாம். எத்தனை மணிக்கு, எந்த வேலையில, என்ன தெரிஞ்சுது, அப்புறம் என்ன பண்ணுனீங்க, அவ்வளவுதான். பார்த்த பையன் பேர்லயே ரிப்போர்ட் இருக்கணும், முதலாளி கேள்விப்பட்டதா இருக்கக் கூடாது. கவுண்டர்ல இருக்கிறவருக்கு இது பழக்கமில்லாம இருந்தா, போலீஸ் தலைமையகமான புக்கிட் அமான்ல பாலியல், பெண்கள், சிறார் குற்றங்களை விசாரிக்கிற டி11 பிரிவுக்குப் போக வேண்டிய விஷயம்னு சொல்லுங்க, புரிஞ்சுக்குவாங்க. அந்தப் பிள்ளை இப்பவும் ஆபத்துல இருக்குன்னு தோணுச்சுன்னா தாலியான் காசே உதவி எண் 15999க்கும் கூப்பிடுங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க.