வகுப்புக்கு ஒரு வலைப்பூ: உங்களுக்கு நடந்தது என்ன?

தமிழாசிரியை, எட்டாம் வகுப்பு

வகுப்புக்கென்று வலைப்பூ தொடங்கி மாணவர்களை எழுத வைத்தவர்கள், மாணவராக இருந்து எழுதியவர்கள், பிள்ளை எழுதுவதை வீட்டிலிருந்து பார்த்தவர்கள், யாராக இருந்தாலும் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். முதலில் என் கதை.

முதல் வருடம் நான் செய்தது கட்டுரை நோட்டை அப்படியே திரையில் ஏற்றியதுதான். 'நூலகத்தின் பயன்கள்' என்று தலைப்புக் கொடுத்தேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று 38 பேரும் ஒரே கட்டுரையை எழுதினார்கள். இருபதாவதோடு நானே படிப்பதை நிறுத்திவிட்டேன். வேறு யார் வந்து படிக்கப்போகிறார்கள்?

அடுத்த வருடம் தலைப்பை மாற்றினேன். உனக்குச் செய்யத் தெரிந்த ஒன்றைத் தெரியாதவருக்குப் புரிகிற மாதிரி எழுது, அவ்வளவுதான். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், சைக்கிள் செயின் கழன்றால் மாட்டுவது பற்றி ஐந்து வரி எழுதினான். "செயினைப் பல்லில் வைத்து பெடலைச் சுற்ற வேண்டும்" என்று ஒரு வரி. அதன் கீழே ஒரு மாணவி கேட்டிருந்தாள்: "எந்தப் பல்? முன்னால் இருப்பதா, பின்னால் இருப்பதா? எந்தப் பக்கம் சுற்றணும்?"

அன்று சாயங்காலம் அவன் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, செயினைக் கழற்றி, மாட்டிப் பார்த்துவிட்டு எழுதினான். முதலில் பின்சக்கரத்துப் பல்லில் மாட்டு. அப்புறம் முன்னால் இருக்கும் பல்சக்கரத்தின் அடிப்பக்கம் இரண்டு மூன்று பல்லில் கோத்துக்கொள். கோத்த இடத்தைக் கையால் பிடித்தபடி பெடலைப் பின்பக்கமாக மெதுவாகச் சுற்று. விரலை எப்போது எடுக்க வேண்டும் என்பதுவரை சொல்லியிருந்தான். ஐந்து வரி பதினாலு வரி ஆனது. 'தெளிவில்லை' என்று சிவப்பு மையில் எத்தனை வருடம் எழுதியிருப்பேன்! அதைப் பார்த்து ஒருவரும் இடத்தை விட்டு எழுந்ததில்லை.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வலைப்பூ இருந்த வேர்ட்பிரஸ் தளத்தில் மாணவர்களுக்குப் பங்களிப்பாளர் உரிமை மட்டும் கொடுத்திருந்தேன். அவர்கள் எழுதி அனுப்பலாம், வெளியிடுவது நான்தான். அந்த இடைவெளியில் ஒற்றுப்பிழை, சந்திப்பிழை எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வெளியிட்டேன். ஒரு பெண் கேட்டாள், "இது நான் எழுதினதா டீச்சர்?" அதோடு கையை எடுத்துவிட்டேன். ஒலிபெயர்ப்பு முறையில் தட்டும்போது பெரிய 'எல்' போட மறந்தால் 'பள்ளி' பல்லி ஆகிவிடும். "பல்லிக்கு ஓடினேன்" என்று ஒருவன் எழுத, பிடித்தாயா என்று நண்பர்கள் கேட்டார்கள். அன்றிலிருந்து ல, ள எங்கே வந்தாலும் இரண்டு முறை பார்க்கிறான்.

அறிவியல் ஆசிரியர்

எங்கள் வகுப்பில் ஒரே விதி: பழைய பதிலை அழிக்கக் கூடாது. கருத்து மாறினால் கீழே தேதி போட்டுப் புதிதாக எழுத வேண்டும்.

"பனிக்கட்டி தண்ணீரைவிடக் கனம் குறைந்தது, அதனால் மிதக்கிறது" என்று ஒருவன் எழுதினான். தேர்வில் இதற்கு நானே அரை மதிப்பெண் போட்டிருப்பேன். இன்னொரு பிரிவு மாணவன் கேட்டான்: "ஒரு கிலோ பனிக்கட்டியும் ஒரு கிலோ தண்ணீரும் ஒரே கனம்தானே?" மூன்று நாள் பதில் இல்லை. நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அதுதான் கஷ்டம். நாலாம் நாள் ஒரு படம் வந்தது. பிளாஸ்டிக் டம்ளரில் பேனாவால் கோடு, அந்தக் கோட்டுக்கு மேலே துருத்திக்கொண்டு பனிக்கட்டி. கீழே அவன் எழுதியிருந்தது: எடை மாறவில்லை, இடம்தான் கூடியிருக்கிறது. உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரிகிறது, அதனால் பனிக்கட்டியின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.92 கிராம்தான். எண் புத்தகத்தில் இருப்பதுதான். கோடு அவன் போட்டது.

கணக்கு ஆசிரியர்

எனக்கு இது படுத்துவிட்டது. மற்றவர் பதிவின் கீழே வாரம் இரண்டு பின்னூட்டம் போட்டால் இரண்டு மதிப்பெண் என்று அறிவித்தேன். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு மேல் "அருமை", "சூப்பர்", "தொடர்ந்து எழுதுங்கள் நண்பா" என்று கொட்டும். வெளியிடாமல் விட்ட பதிவுக்குக்கூட ஒருவன் "அருமையான பதிவு" என்று வேறெங்கோ போட்டிருந்தான். மதிப்பெண்ணை எடுத்தேன், பின்னூட்டமும் நின்றது. கேள்வியாக இருந்தால் மட்டும் அனுமதிப்பது என்று முதலிலேயே வைத்திருக்கலாம்.

ஒரு அம்மா

என் மகளுக்கு அப்போது 11 வயது. பெரும்பாலான நாடுகளில் கூகுள் கணக்கைத் தானே நிர்வகிக்கக் குறைந்தபட்ச வயது 13, அதனால் ஆசிரியரின் கணக்கிலிருந்துதான் கூகுளின் வலைப்பூ தளமான பிளாகரில் எழுதினார்கள். அது சரி. ஆனால் வீட்டு வாசலில் செல்பேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றப் பார்த்தாள். படத்துக்குள் எடுத்த இடத்தின் குறிப்பு பதிந்திருக்கலாம் என்று சொன்னால் நம்பவில்லை, விவரங்களைத் திறந்து காட்டிய பிறகுதான் நம்பினாள். அதோடு முழுப்பெயரும் போயிற்று, 'மின்மினி' என்ற புனைபெயர் வந்தது.

இன்னொன்று, அந்தப் பார்வை எண்ணிக்கை. ராத்திரி எழுந்து போய்ப் பார்ப்பாள். எழுபது பேர் படித்திருக்கிறார்கள் என்று ஒரே குதி. பாதிக்கு மேல் அவளே திறந்து திறந்து பார்த்தது. சொந்தப் பார்வையைக் கணக்கில் சேர்க்காமல் வைக்கும் வசதி அமைப்பிலேயே இருந்தது. போட்டுவிட்டோம். அடுத்த பதிவுக்கு ஒன்பதுதான் வந்தது. ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், மறுநாள் அந்த ஒன்பது பேர் யார் யார் என்று பட்டியல் போட ஆரம்பித்துவிட்டாள்.

முன்னாள் மாணவி

எல்லோரும் வெளியிட்டதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் இரண்டு வருடத்தில் வெளியிட்டது நாலு, வரைவில் கிடந்தது இருபதுக்கு மேல். 'வரைவு' என்று போட்டிருந்ததால் அது எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்தேன். வீட்டில் நடந்த சண்டை, யாரிடமும் சொல்லாதது எல்லாம் அதில்தான் எழுதினேன். என் எழுத்து கொஞ்சமாவது திருந்தியது அங்கேதான்.

ஒரு நாள் ஆசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டில் எல்லாம் சரியாம்மா?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். நிர்வாகி கணக்கில் எல்லோருடைய வரைவும் தெரியும் என்பது அப்போதுதான் புரிந்தது. அன்றே அத்தனையையும் அழித்தேன். கோபமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அப்போது என்னிடம் அப்படிக் கேட்டவர் வேறு யாரும் இல்லை என்பதும் உண்மை. ஆனால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

தமிழாசிரியை, எட்டாம் வகுப்பு

மேலே உள்ளதைப் படித்துவிட்டு நேற்று வகுப்பில் சொன்னேன், உங்கள் வரைவுகள் என் பக்கத்திலும் தெரியும் என்று. நான் திறந்து படித்ததில்லை, படிக்கத் தோன்றியதும் இல்லை. ஆனால் சொல்ல வேண்டும் என்றும் தோன்றியதில்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இன்று காலை பார்க்கிறேன், பதினோரு வரைவு குப்பைத்தொட்டியில் கிடக்கிறது. அதிலிருந்தும் எடுத்துப் படிக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியாது. ஒன்றையும் திறக்காமல் தொட்டியைக் காலி செய்துவிட்டேன். நாளைக்கு ஆளுக்கொரு சாதா நோட்டு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.