லண்டனில கொம்பனி பதிய அத்தான்ர பேர் வேணுமோ?

கரடிப்போக்கான்:
விஷயம் தெரிஞ்சவை ஒருக்காச் சொல்லுங்கோ. நான் கிளிநொச்சி, கரடிப்போக்கு. ஒரு கடையறையில ரெண்டு பெடியளோட சேர்ந்து லண்டன் வீடுகளுக்குப் பிளான் கீறிக் குடுக்கிறன். கூரைக்குள்ள அறை எடுக்கிறது, பின்பக்கம் நீட்டிக் கட்டிறது, இதுதான் வேலை. அளவு எடுக்கிறது அங்கத்தைய ஆர்க்கிடெக்ட், ஓட்டோகாட் எண்ட கொம்பியூட்டர் மென்பொருளில கீறுறது நாங்கள். (லண்டனைக் கண்ணால கண்டதில்லை. ஆனா ஹரோப் பக்கத்து வீடுகளில ஏணிப்படி எங்க திரும்பும் எண்டு நித்திரையிலயும் சொல்லுவன்.)

இப்ப அந்த ஆர்க்கிடெக்ட், இனிமேல் லிமிட்டெட் கொம்பனி இன்வொய்ஸ் தந்தால்தான் காசு எண்டு நிக்கிறார். லண்டன் இல்ஃபோர்ட்டில இருக்கிற அத்தான், "என்ர பேரிலயே பதிவம், நீ யோசிக்காத" எண்டுறார். அக்காவும் அதைத்தான் சொல்லுறா. இஞ்ச ஒரு ஏஜென்ட் பதிஞ்சு தர ரெண்டு லட்சம் ரூபா கேக்கிறான். அவ்வளவு முடியுமோ? நான் இஞ்ச இருந்துகொண்டு என்ர பேரில பதிய ஏலாதோ?

ஸ்காபரோ மாமா:
பிரித்தானியாவில டிரெக்டர் அந்த நாட்டில இருக்கவேணும் எண்டு சட்டம் இல்லை. சிங்கப்பூரெண்டால் அங்க இருக்கிற ஒரு டிரெக்டர் கட்டாயம். இஞ்ச கனடா ஒன்ராறியோவிலயும் அப்பிடி ஒரு விதி இருந்தது, 2021இல எடுத்திட்டாங்கள். ஏஜென்ட்டைக் கலைச்சு விடுங்கோ.

வவுனியா கணக்கக்கா:
தம்பி, பதியிறது லேசு. 2024 மே மாதம் வரைக்கும் கொம்பனீஸ் ஹவுஸில (பிரித்தானியாவின்ர கொம்பனிப் பதிவகம்) ஒன்லைனில பதிய 12 பவுண்தான், பிறகு 50 ஆக்கினவை. கட்டமுதல் இப்பத்தைய தொகையை அவையின்ர தளத்திலயே பாருங்கோ. எப்பிடிப் பாத்தாலும் ரெண்டு லட்சத்துக்குக் கிட்டவும் வராது.

அத்தான்ர பேரில மட்டும் பதியாதேங்கோ. அவர் நல்ல மனுசனாவே இருக்கட்டும். 25 வீதத்துக்கு மேல பங்கு உள்ளவர், இல்லாட்டி கொம்பனியை உண்மையில ஆட்டிவைக்கிறவர் ஆர் எண்டு அங்க பகிரங்கப் பதிவில காட்டவேணும். வேலை உங்கட, காசு உங்கட, பேர் மட்டும் அவருடையது எண்டால் அது பொய்ப் பதிவு, குற்றம். அவருக்கு ஒண்டு நடந்தால் பங்கு ஆருக்குப் போகும்? அக்காவோட கோட்டில நிக்கப் போறீங்களோ? வேணுமெண்டால் அவற்றை வீட்டு விலாசத்தை மட்டும் கேளுங்கோ. கொம்பனியின்ர பதிவு அலுவலகம் பிரித்தானியாவில இருக்கவேணும், தபால் பெட்டி இலக்கம் சரிவராது.

2025 நவம்பர் 18இல இருந்து டிரெக்டர்மார் ஆளடையாளத்தை உறுதிப்படுத்தவேணும். பாஸ்போட்டில சிப் இல்லாட்டி அவையின்ர ஆப் உதவாது. அங்க பதிவுபெற்ற முகவர் ஒருவர் ஊடாகத்தான் செய்யலாம்.

தலையிடி பதிஞ்ச பிறகுதான். ஒரு சதம் உழைக்காட்டிலும் வருசாவருசம் கணக்கு அனுப்பவேணும். ஒரு நாள் பிந்தினாலும் 150 பவுண் தண்டம், ஆறு மாதம் தாண்டினால் 1500. ஒண்டுமே அனுப்பாமல் விட்டால் கொம்பனியைப் பதிவில இருந்து வெட்டிப்போடுவாங்கள். வங்கியில கிடக்கிற காசும் முடிக்குப் போயிடும், அரசருக்கு! கொம்பனிக்கு வங்கிக் கணக்கையும் வெளிநாட்டில இருக்கிற டிரெக்டருக்குப் பெரிய வங்கியள் லேசில திறக்காது. ஏஜென்ட்மார் இதை வாயே திறக்கமாட்டினம்.

இன்னொண்டு. எங்கட 2017ஆம் ஆண்டு 24ஆம் இலக்க இறைவரிச் சட்டப்படி, முகாமையும் கட்டுப்பாடும் இலங்கையில நடந்தால் வெளிநாட்டுக் கொம்பனியும் இலங்கை வதிவிடக் கொம்பனிதான். நீங்கள் கரடிப்போக்கில இருந்து நடத்தினால் உள்நாட்டு இறைவரித் திணைக்களம் வரி கேக்கும். "லண்டன் கொம்பனி, இஞ்ச வரியில்லை" எண்டு சொல்லுறவனை நம்பவேண்டாம். இஞ்சயிருந்து அந்தக் கொம்பனிக்கு முதலீட்டுக் காசு அனுப்பிறதெண்டாலும் வங்கியில வெளிமுக முதலீட்டுக் கணக்குத் திறந்துதான் அனுப்பலாம்.

அதால முதல்ல அந்த ஆர்க்கிடெக்ட்டிட்ட ஒரு கேள்வி கேளுங்கோ: பிரித்தானியக் கொம்பனிதான் வேணுமோ, இல்லாட்டி ஏதோ ஒரு லிமிட்டெட் போதுமோ? போதுமெண்டால் 2007ஆம் ஆண்டுக் கொம்பனிச் சட்டப்படி இலங்கையிலயே பிரைவேட் லிமிட்டெட் பதியலாம். பங்குதாரர் ஒருவர், டிரெக்டர் ஒருவர் போதும், அது நீங்களே ரெண்டுமா இருக்கலாம். செயலாளர் மட்டும் தகுதியுள்ள ஒருவரைப் போடவேணும். கொழும்புக்கு ஓடத்தேவையில்லை, ஒன்லைனிலயே முடியும்.

கரடிப்போக்கான்:
அக்கா, கேட்டன். தன்ர கணக்காளர் ஒரு கொம்பனிப் பேரும் பதிவு இலக்கமும்தான் கேட்டவராம். எந்த நாடெண்டாலும் பரவாயில்லையாம்! அப்ப பவுண் எந்தக் கணக்குக்கு வரும்? இவ்வளவு காலமும் அத்தான்ர கணக்கால சுத்தித்தான் வந்தது.

வவுனியா கணக்கக்கா:
கொம்பனி பதிஞ்ச உடன அந்தப் பேரில வியாபார வெளிநாட்டு நாணயக் கணக்கொண்டைப் பவுணில திறவுங்கோ. பதிவுச் சான்றிதழ், அமைப்பு விதிகள், உங்கட அடையாள அட்டை, கணக்குத் திறக்க டிரெக்டர் எடுத்த தீர்மானம் எல்லாம் கொண்டு போங்கோ. இன்வொய்ஸில கணக்கிலக்கத்தோட வங்கியின்ர ஸ்விஃப்ட் கோடும் (வெளிநாட்டுக் காசு வர வங்கியை அடையாளம் காட்டுற குறியீடு) போடவேணும். அத்தானை இனி வேலையள் பிடிச்சுத் தரச் சொல்லுங்கோ, அதுக்குக் கொமிஷன் குடுக்கலாம்.