கோஸி மர்ம நாவல் தொடர்கள்: இன்னும் விடாத ஒரு பக்கம்

மாடிப்படி வாசகி:

கோஸி என்னும் கோரமில்லாத, இதமான துப்பறியும் தொடர்களில் நம்மை இன்னும் விடாத பக்கம் எது என்பதுதானே பேச்சு; தொடர்களின் பெயர்ப்பட்டியலைப் போட்டு உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டேன். இங்கிருப்பவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள்தாம். ஒரே ஒரு பக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அலெக்ஸாண்டர் மெக்கால் ஸ்மித்தின் போட்ஸ்வானா தொடரில், 1998இல் வந்த முதல் நூலின் தொடக்கத்திலேயே அது வந்துவிடும். சுரங்கத்தில் உழைத்து மாடுகள் சேர்த்த ஓபெட் ரமோட்ஸ்வே, மரணப் படுக்கையில் மகளை அழைத்து, மாடுகளை விற்று ஏதாவது தொழில் தொடங்கச் சொல்கிறார். கசாப்புக் கடையோ மதுக்கடையோ எதுவாயினும் சரி என்கிறார். துப்பறியும் நிறுவனம் தொடங்கப் போவதாக மகள் சொல்கிறாள். கிழவர் கண்கள் விரிய ஆட்சேபிக்க வாயெடுக்கிறார். பேச்சு முடிவதற்குள் உயிர் போய்விடுகிறது.

இதை நான் படித்தது, ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது. உள்ளே என் அப்பா இருந்தார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எதிரில் சுருக்குப்பையைத் துழாவிக்கொண்டிருந்த ஒரு பாட்டி நிமிர்ந்து என்னையே பார்த்தார்; அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்து, "ஏழாம் பெட் அட்டெண்டர் யாரு?" என்று நர்ஸ் கூப்பிட்டார். ஏழாம் பெட் எங்களுடையது. மருந்து வாங்கிவரச் சீட்டுக் கொடுக்கத்தான் கூப்பிட்டிருக்கிறார். அப்பாவும் பிறகு நல்லபடியாக வீடு திரும்பிவிட்டார். ஆனால் ஒரு தகப்பன் சாவதைப் படித்து அந்த இடத்தில் சிரித்ததற்காக எனக்குக் குற்றவுணர்வு வரும் வரும் என்று எதிர்பார்த்திருக்கிறேன், இன்றுவரை வரவில்லை. அந்தச் சிரிப்பில் செத்தவர்மீது அன்பு இருந்ததாகவே தோன்றுகிறது. சின்ன வெள்ளை வேன், ரூய்போஸ் தேநீர், செயலர் கல்லூரித் தேர்வில் 97 விழுக்காடு எடுத்ததை நூல்தோறும் நினைவூட்டும் உதவியாளர் மக்குட்ஸி ஆகிய எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தத் தகப்பன் மகளின் நினைவில் வந்துகொண்டே இருக்கிறார். நான் அந்தத் தொடருக்குத் திரும்பத் திரும்பப் போவது வழக்குகளுக்காக அல்ல, அவருக்காகத்தான்.

கடைசி பெஞ்ச்:

வழக்குகளுக்காக அல்ல என்று மேலே எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. புதிர் சரியாக அமையாவிட்டால் தேநீரும் வேனும் எத்தனை நூலுக்குத் தாங்கும்?

என் அனுபவம் இது. கல்லூரி நாட்களில் ஒரு லெண்டிங் லைப்ரரியில், அகதா கிறிஸ்டியின் துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்ப்பிள் வரும் முதல் நாவலை எடுத்தேன். பாதிரியார் வீட்டுப் படிப்பறையில் கர்னல் புரோதரோ சுடப்பட்டுக் கிடப்பாரே, 1930இல் வந்த அந்த நாவல்தான். வீட்டுக்கு வந்து முதல் பக்கத்தைத் திருப்பினால், நீல மையில் ஒரு பெயரை எழுதி, இரண்டு கோடு அடித்து, 'இவர்தான் கொலையாளி' என்று யாரோ குறித்துவைத்திருந்தார்கள். ரத்தம் கொதித்தது. முன்பணம் போகட்டும் என்று அப்போதே திருப்பிக் கொடுத்திருப்பேன். மழை பிடித்துக்கொண்டதால் படித்தேன்.

கொலையாளி தெரிந்த பிறகு படிப்பது தனி ருசி என்பது அன்றுதான் தெரிந்தது. கதைசொல்லியான பாதிரியாரே சாப்பாட்டு மேசையில் மாட்டிறைச்சியை வெட்டியபடி, கர்னலைக் கொல்பவர் உலகத்துக்கு நன்மை செய்தவராவார் என்று சொல்லி வைக்கிறார். அவர் அறைக் கடிகாரம் கால் மணி நேரம் முன்னதாகவே ஓடும்படி வைக்கப்பட்டிருக்கிறது. மார்ப்பிள் தோட்ட வேலை என்ற சாக்கில் தெருவில் போவோர் வருவோரையெல்லாம் கணக்கெடுக்கிறார். பறவை பார்க்கும் கண்ணாடியும் கையில் இருக்கிறது. ஒவ்வொன்றையும் அந்த நீல மைப் பெயரோடு பொருத்திப் பொருத்தி, எல்லாம் கச்சிதமாக விழுகிறதே என்று வியந்துகொண்டே போனேன்.

கடைசியில் பார்த்தால் அந்தப் பெயர் தவறு.

எழுதியவர் விஷமத்துக்காக எழுதினாரா, அல்லது பாதியில் தாமாக முடிவுகட்டி, மீதியைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டாரா என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை. இரண்டாவதுதான் உண்மை என்றால், உலகத்தில் எங்கோ ஒருவர் தப்பான ஆளைத் தூக்கில் போட்ட திருப்தியோடு வாழ்ந்துகொண்டிருக்கிறார். கிறிஸ்டியின் துப்புகள் ஒரு தவறான ஆளுக்கும் அத்தனை வாகாகப் பொருந்தின என்பதே அந்தப் புத்தகம் எனக்குத் தந்த பெரிய இன்பம்.

மருந்துக்கடை:

நான் மருந்தாளுநர். எங்கள் கடைக்கு மாதந்தோறும் ரத்த அழுத்த மாத்திரை வாங்க வரும் ஓர் அம்மா, ஒரு நாள் சீட்டை நீட்டிவிட்டு, கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பி, ஸ்ட்ரிக்னின் கசக்குமா?" என்று கேட்டார். என் கையிலிருந்த மாத்திரை அட்டை அப்படியே நின்றது. இவர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், மருமகளோடு எப்படி என்றெல்லாம் மனம் ஒரு கணத்தில் ஓடியது. நான் பதில் பேசாததைப் பார்த்து, பையிலிருந்து நூலக முத்திரை குத்திய ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துக் காட்டினார். கிறிஸ்டியின் முதல் நாவல், 1920இல் வந்தது. அதில் அந்த விஷம்தான் விவகாரமே.

கசக்கும் அம்மா, நம் எட்டி மரத்து விதையிலிருந்து எடுப்பதுதானே அது, எட்டிக்காய்க் கசப்பைக் கேட்கவா வேண்டும் என்றேன். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! "அப்போ காப்பியில் கலந்தால் தெரியும்தானே" என்று தமக்குள் சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனார். அடுத்து நின்றிருந்த வாடிக்கையாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கிறிஸ்டி முதல் உலகப்போர்க் காலத்தில் டார்க்கீ நகர மருத்துவமனையில் மருந்து கலக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். அதனால்தான் அவர் கதையில் விஷம் மந்திரத்தால் வேலை செய்வதில்லை; அளவு, சுவை, எவ்வளவு நேரத்தில் வேலை காட்டும் என்ற மூன்றையும் வைத்தே கணக்குப் போடுகிறார். என் தொழிலில் இருப்பவனுக்கு அந்தக் கணக்கைச் சரிபார்ப்பது ஓர் அலாதி சுகம்.

வரிசை தவறாதவன்:

லிலியன் ஜாக்ஸன் பிரவுனின் பூனைத் தொடரில் நடுவிலிருந்து ஒரு நூலை எடுத்து, பத்திரிகையாளர் குவில்லரன் பெருநகரை விட்டு வடக்கே ஒரு சிற்றூரில் பெரும் செல்வந்தராக உட்கார்ந்திருப்பதன் காரணம் புரியாமல் விழித்தேன். என் அனுபவம் அவ்வளவுதான். புதிதாக வருபவர்களுக்குப் பயன்படட்டும் என்று சில சொல்கிறேன்.

பிரவுன் தொடரில் முதல் மூன்று நூல்கள் 1966க்கும் 1968க்கும் இடையில் வந்தவை. நான்காவது 1986இல்தான் வந்தது. ஆகவே அந்த மூன்றையும் தனியாக முடித்துவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம். மார்ப்பிள் நாவல்களை எப்படி மாற்றிப் படித்தாலும் கேடில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே எழுதி வைத்த ஒன்றுகூட கிறிஸ்டி மறைந்த பின் 1976இல் கடைசியாக அச்சேறியது, அதில் மார்ப்பிள் முந்தைய நூல்களைவிடத் தெம்பாகவே இருக்கிறார். அகதா ரெய்சின் என்ற அம்மணி துப்பறியும் தொடரை வரிசையாகத்தான் படிக்க வேண்டும். 1992இல் வந்த முதல் நூலில், விளம்பரத் தொழிலை விற்றுவிட்டு இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதிக் கிராமம் ஒன்றில் குடியேறும் அந்த அம்மணி, சமையல் போட்டிக்குக் கடையில் வாங்கிய கீஷை (முட்டையும் பாலாடையும் வைத்துச் சுடும் பண்டம்) தாம் சுட்டதாகக் கொண்டுபோய் வைப்பதும், அதைத் தின்ற நடுவர் செத்துப்போவதும் தெரியாமல், ஊரார் அவரைப் பார்க்கும் பார்வை பின்னால் விளங்காது. பக்கத்து வீட்டு ஜேம்ஸ் லேசியின் விவகாரமோ பல நூல்களுக்கு நீள்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியம் லூயிஸ் பென்னியின் கனடா, க்யூபெக் தொடர். 2009இல் வந்த நூலில் முடிந்துவிட்டதாக நாம் நினைக்கும் வழக்கை 2010இல் வந்த நூல் மீண்டும் கிளறுகிறது. மாற்றி எடுத்தால் இரண்டும் வீண். கையில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, படித்த நூல், வந்த ஆண்டு, யார் யாருக்கு என்ன ஆயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். மின்னூலில் வாங்குபவர்கள் அமெரிக்கத் தலைப்பும் பிரிட்டிஷ் தலைப்பும் வேறுபடுவதால் ஒரே நூலை இருமுறை வாங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குறுக்கெழுத்து:

ஆலோசனைக்கு நன்றி, ஐயா; கேட்டவர்தான் யாரும் இல்லை. நோட்டுப் போட்டுப் படிப்பதற்கு இது என்ன சி.ஏ. தேர்வா? ரயில் நிலையக் கடையில் கிடைத்ததைக் கிடைத்த வரிசையில் படித்து வளர்ந்தவன் நான். பின்னால் நடப்பது முன்பே தெரிந்திருந்தால், முதல் நூலில் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்ளும் இருவரைப் பார்த்து நமக்குள் சிரித்துக்கொள்ளலாம்.

எனக்குக் கடைசி பெஞ்ச் அவர்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது. புதிர்தான் உயிர் என்கிறார். ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தாரே, அதில் ஒன்று, தற்செயல் ஒருபோதும் துப்பறிபவருக்குக் கைகொடுக்கக் கூடாது என்பது. நம் தேவன் விகடனில் எழுதிய துப்பறியும் சாம்புவோ தற்செயலைத் தவிர வேறெதனாலும் ஜெயித்ததே இல்லை. மண்டு என்று ஊரே முடிவுகட்டிய பேங்க் குமாஸ்தா கால் தடுக்கி விழுந்தால், விழுந்த இடத்தில் திருடன் இருப்பான். விதிப்படி பார்த்தால் சாம்பு ஒரு கதைக்கும் தேறமாட்டார். என் தாத்தா மின்விசிறி இல்லாத முற்றத்தில் விசிறிமட்டையால் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தபடி அதைப் படித்தது என் கண்ணிலேயே நிற்கிறது. திருடன் யார் என்று அவர் ஒரு நாளும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆகவே என் வாக்கு மாடிப்படி வாசகிக்கே.

கென்ட் கரை:

இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். ரிச்சர்ட் ஒஸ்மானின் முதல் நாவல் 2020இல் வந்த பிறகு, எங்கள் இல்லத்து மூதாட்டி ஒருவர் பெரிய எழுத்துப் பதிப்பை வரவழைத்து, மாலைத் தேநீருக்குப் பின் என்னை வாசிக்கச் சொல்வார். ஓய்வுபெற்றோர் குடியிருப்பில் நால்வர் வியாழன்தோறும் கூடிப் பழைய கொலைவழக்குகளைப் புரட்டும் கதை. ஆனால் அவருக்கு முழுக்கதையும் வேண்டாம். முன்னாள் நர்ஸான ஜாய்ஸ் எழுதும் நாட்குறிப்புப் பகுதிகள் மட்டும் போதும். யார் கேக் சுட்டார்கள், யார் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்பதை இரண்டு முறைகூட வாசிக்கச் சொல்வார். பிணம் வரும் பக்கங்களைப் புரட்டிவிடச் சொல்வார்.

அதே நூலில் அந்த நால்வரில் ஒருவரான எலிசபெத்தின் கணவர் ஸ்டீஃபன் நினைவு மங்கிக்கொண்டே வருகிறவர். அந்நிலையிலும் நண்பர் போக்டானோடு சதுரங்கம் ஆடுவார். ஒரு மாலை அந்த இடம் வந்ததும் நானே தயங்கினேன், ஏனென்றால் மூதாட்டியின் கணவர் அதே நோயில் எங்கள் இல்லத்திலேயே இருந்து போனவர். மூதாட்டி கையை உயர்த்தி நிறுத்தச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "யார் ஜெயித்தது என்று மட்டும் பார்த்துச் சொல்" என்றார்.

புதிரா, மனிதர்களா என்று இங்கே நடக்கும் வாதத்தில் அவர் எந்தப் பக்கம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஏ பிளாக்:

கனமான பதிவுக்குப் பிறகு இதை எழுதுவதற்கு மன்னிக்கவும். வசீம் கானின் மும்பைத் தொடரை இன்னும் யாரும் சொல்லவில்லையே என்று ஆதங்கம். 2015இல் வந்த முதல் நூலில், ஓய்வுபெறும் நாளிலேயே இன்ஸ்பெக்டர் சோப்ராவுக்கு மாமா ஒருவர் யானைக்குட்டியை அனுப்பிவைக்கிறார். அடுக்குமாடி வளாகத்தில் அதைக் கட்டிவைத்ததும், நிர்வாகக் குழுத் தலைவி திருமதி சுப்ரமணியம் சண்டைக்கு வருகிறார். மும்பைக் கதையிலும் அந்தப் பதவிக்கு நம்மவர் ஒருவரையே உட்கார வைத்த ஆசிரியரின் கூர்மையை என்னென்பது!

நான் அந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்த அன்றுதான், நான் வளர்க்கும் பூனை இரண்டாம் மாடிக் கைப்பிடிச் சுவரில் நடப்பதால் பொது அமைதிக்குப் பங்கம் விளைவதாக எங்கள் சங்கத்திலிருந்து முத்திரையிட்ட கடிதம் வந்தது. கொலையாளியை ஊகிப்பதைவிட, யானை வளாகத்தில் தொடருமா தொடராதா என்பதில்தான் அன்று என் உயிரே இருந்தது. யானை எப்படி நம்பும்படியாக இருக்கும் என்று நாக்ஸ் விதி பேசும் நண்பர்கள் கேட்கலாம். யானையை நம்புவதில் எனக்குச் சிரமமே இருக்கவில்லை. ஆட்சேபக் கடிதம் ஒன்றுகூட வராமல் அது அங்கே இருந்திருந்தால்தான் நம்பியிருக்க மாட்டேன்.

மருந்துக்கடை:

என் பதிவுக்குப் பிறகு பலர் தனியாக விசாரித்ததால் சொல்கிறேன்: அந்த அம்மா நலம், அவர் மருமகளும் நலம். சென்ற மாதம் வந்தபோது ஆர்சனிக்குக்கு வாசனை உண்டா என்று கேட்டார். இம்முறை புத்தகத்தை முதலில் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுத்தான் கேட்டார்.